மலையில் ஒரு துறைமுகம்

மலையைப் புகழ்வோர் அதன் உயரத்தையே புகழ்கின்றனர். எத்தனை அடி, எந்தச் சிகரம், யார் முதலில் ஏறினார் என்பவைதாம் அவர்கள் பேச்சில் முந்தி நிற்கும். ஆனால் மலையைக் கடந்தே தீரவேண்டிய ஜீவன்களுக்கு, அதாவது உப்பு மூட்டை சுமந்த வியாபாரிக்கும், தலம் தேடிச் செல்லும் யாத்திரீகனுக்கும், மந்தையை ஓட்டிச் செல்லும் இடையனுக்கும், குளிருக்கு அஞ்சித் தென்திசை நாடும் பறவைக்கும், சிகரத்தால் ஆகும் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அந்த நெடுஞ்சுவர் எந்த இடத்தில் சற்றுத் தணிந்திருக்கிறது என்பதையே அவர்கள் தேடுகிறார்கள். அப்படித் தணிந்த இடத்தைக் கணவாய் என்கிறோம். உயர்ந்தவற்றின் நடுவே தாழ்ந்திருப்பதனாலேயே மதிப்புப் பெறும் பொருள்கள் உலகத்தில் மிகச் சில. கணவாய் அவற்றுள் ஒன்று.

பிரான்சு தேசத்துக்கும் ஸ்பெயின் தேசத்துக்கும் நடுவே, மேற்கே பிஸ்கே விரிகுடா தொடங்கிக் கிழக்கே மத்தியதரைக் கடல் வரையில், ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரனீஸ் மலைத்தொடர் கிடக்கிறது. அதன் நடுப்பகுதியில், 3,355 மீட்டர் உயரமுள்ள மோன்டே பெர்டிடோ, 3,298 மீட்டர் உயரமுள்ள விஞ்மால் முதலிய பெருஞ் சிகரங்களின் அயலில், கடல்மட்டத்துக்கு மேல் 2,273 மீட்டர் உயரத்தில் ஒரு சிறிய கணவாய் இருக்கிறது. அகலம் முப்பது மீட்டர்தான். நம்மூர்த் தேரோடும் வீதி ஒன்றை அதில் கிடத்தினால் இடைவெளி நிறைந்துவிடும். பிரெஞ்சுக்காரர் அதனைப் போர்ட் டி புஷாரோ என்றும், ஸ்பானியர் புவெர்ட்டோ டி புஹாருவேலோ என்றும் அழைக்கின்றனர். 'போர்ட்', 'புவெர்ட்டோ' என்னும் இவ்விரு சொற்களுக்கும் சாதாரணப் பொருள் துறைமுகம் என்பதே. கப்பலும் கடலும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லாத ஒரு மலைமுதுகுக்குத் துறைமுகம் என்று பெயரிட்ட அந்த மலைவாசிகள் சொல்லின் பொருளை நன்கு உணர்ந்தவர்களே. கடக்க அரிய ஒன்றை எந்த இடத்தில் கடக்கலாமோ அந்த இடம் அவர்களுக்குத் துறை.

இந்த இடத்துக்கு நடந்து செல்வது இக்காலத்தில் கடினமான காரியமன்று. பிரெஞ்சுப் பக்கத்தில், செங்குத்தான பாறைகள் அரைவட்ட அரங்கம் போலச் சூழ்ந்து, நானூறு மீட்டருக்கும் அதிகமான உயரத்திலிருந்து அருவி விழும் கவார்னி என்னும் புகழ்பெற்ற மலைக்குடைவு இருக்கிறது. அதன் அடிவாரத்துக் கிராமத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலை, கொல் டி டான்ட் என்ற இடத்தில், 2,208 மீட்டர் உயரத்தில், மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடும். அதற்கு அப்பால், பாறை சரிந்தும் தார் பெயர்ந்தும் கிடக்கும் பழைய பாதையில் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்தால் கணவாய் வந்துவிடும். நடந்து வருவோரில் பெரும்பாலோர் அங்கே நெடுநேரம் தங்குவதில்லை. கைப்பிடி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று, தண்ணீர் குடித்து, இடப்பக்கம் திரும்பி, 2,807 மீட்டர் உயரத்தில் கற்சுவரை வாளால் வெட்டியதுபோலத் திறந்திருக்கும் 'ரோலண்டின் பிளவு' என்ற அதிசயத்தைக் காண ஏறிப்போய்விடுகிறார்கள். மாவீரன் ரோலண்ட் தன் வாளைப் பாறையில் ஓங்கி அறைந்தபோது உண்டான பிளவு அது என்பது கர்ணபரம்பரைக் கதை. கதையும் காட்சியும் அங்கே இருக்க, சரளைக் கற்களும் புல்லும் அன்றி வேறொன்றும் இல்லாத கணவாயை யார் பொருட்படுத்துவார்? ஆனால் அவர்கள் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் அந்த முப்பது மீட்டர் இடைவெளியில்தான், ஐரோப்பாவின் மாபெரும் பிரயாணங்களுள் ஒன்று ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

முதலில், கணவாய் உண்டாகும் விதத்தைச் சிறிது பார்ப்போம். ஐபீரியா என்னும் பூமித்தட்டு வடக்கு நோக்கி நகர்ந்து ஐரோப்பாவோடு மோதியதால், பல கோடி ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக மடிந்து உயர்ந்தவையே பிரனீஸ் மலைகள். கவார்னியின் பாறைகளில் பெரும்பகுதி பண்டைக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல்லாகும். எழுந்த மலை எழுந்தபடியே நிற்க, நீரும் பனியும் விடுவதில்லை. வடசரிவில் ஓர் ஓடை தன் தலைப்பகுதியை அரித்து அரித்துத் தெற்கே பின்வாங்குகிறது. தென்சரிவில் மற்றோர் ஓடை அதேபோல் அரித்து வடக்கே பின்வாங்குகிறது. ஒரே சுவரை இரு வீட்டாரும் தத்தம் பக்கத்தில் சுரண்டுவது போன்ற இந்தக் காரியம், பாறை எங்கே மிருதுவாகவோ வெடிப்புற்றோ இருக்கிறதோ அங்கே விரைவாக நடந்து, கடைசியில் இருபுறத்துக் குடைவுகளும் ஒன்றையொன்று முதுகால் தொட்டுக்கொள்ளும்போது மலைமுகடு அவ்விடத்தில் தணிந்துவிடுகிறது. பனியுகங்களில் பனியாறுகள் இதே வேலையை இன்னும் மூர்க்கமாகச் செய்து முடித்தன. புஷாரோவின் உச்சியில் பெய்யும் மழையில் ஒரு துளி வடக்கே உருண்டால், கவார்னியின் ஆற்றில் கலந்து, அதூர் நதி வழியே அட்லாண்டிக் சமுத்திரத்தை அடைகிறது. அதன் அருகே விழுந்த மற்றொரு துளி தெற்கே உருண்டால், ஆரா என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, சிங்கா, எப்ரோ என்ற நதிகளின் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய்விடுகிறது. விரற்கடை வித்தியாசத்தில் இரண்டு கடல்கள்!

தண்ணீரைப் பிரிக்கும் அதே கோட்டையே ராஜாங்கங்களும் தங்கள் எல்லையாகக் கொண்டன. 1659-ஆம் ஆண்டு செய்துகொண்ட பிரனீஸ் உடன்படிக்கை இரு நாட்டுக்கும் மலைத்தொடரே எல்லை என்ற கொள்கையை வகுத்தது. 1856 முதல் 1868 வரையில் பயோன் நகரத்தில் நிறைவேறிய உடன்படிக்கைகள் அதனைத் தரையில் அளந்து குறித்து, ஒரு கடலிலிருந்து மறுகடல் வரை 602 எல்லைக் கற்களுக்கு இலக்கமிட்டன. ஆயினும் மலைவாசிகளின் வாழ்க்கை இந்தக் கோட்டுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. இருபுறத்துப் பள்ளத்தாக்கு மக்களும் மேய்ச்சல் உரிமைகளைப் பற்றித் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு வாழ்ந்தவர்கள். அதன் தொடர்ச்சியாக இன்றும் கோடையில் ஸ்பெயினின் புரோட்டோ பள்ளத்தாக்கு மாடுகள் மலைமுகட்டைத் தாண்டிப் பிரெஞ்சு மண்ணில் மேய்கின்றன. ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ என்னும் கிறிஸ்தவத் தலத்துக்குச் சென்ற யாத்திரீகர்கள் பனியில் மாண்டுபோகாமல் காக்க, கணவாயின் வடக்கே கவார்னியிலும், தெற்கே சான் நிக்கோலாஸ் டி புஹாருவேலோவிலும் தர்மசத்திரங்கள் இருந்தன. தென்புறச் சத்திரத்தருகே ஆரா நதியின் மேல் வளைந்து நிற்கும் பழைய ஒற்றைக் கமான் கற்பாலத்தில் இன்றும் மனிதர் நடக்கின்றனர். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் சாலையைக் கணவாய் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுபக்கத்துச் சாலை வந்து சேரவேயில்லை. மலையின் நல்வினை என்றுதான் சொல்லவேண்டும். இல்லாவிடில் அங்கே இன்று லாரிகளின் இரைச்சல் அன்றி வேறொன்றும் கேளாது.

1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்தக் கணவாய்க்கு ஓர் ஆங்கிலத் தம்பதி வந்தனர். கணவர் டேவிட் லாக், காலாபகாஸ் தீவுகளின் குருவிகளைப் பற்றிய ஆராய்ச்சியால் பெயர்பெற்ற பறவை நிபுணர். மனைவி எலிசபெத் லாக், அவரும் பறவை சாஸ்திரத்தில் தேர்ந்தவர். தென்திசைக்குப் போகும் பறவைகள் இத்தகைய உயர்ந்த மலையை எவ்வாறு கடக்கின்றன என்று பார்ப்பதே அவர்கள் வந்த நோக்கம். பறவைகளும் வந்தன. ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய பார்வையைத் தரைக்கு இழுத்தது வேறொரு கூட்டம். வண்ணத்துப்பூச்சிகளும், தட்டான்களும், அவற்றைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகச் சிறு ஈக்களும், புல்லை ஒட்டினாற்போல் தாழப் பறந்து, எல்லாம் ஒரே முகமாக, பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்குள் போய்க்கொண்டிருந்தன. பூச்சிகளிலும் ஈ போன்ற அற்பப் பிராணி இவ்வாறு திசையறிந்து தேசாந்தரம் போகும் என்பதை ஐரோப்பாவில் ஒருவர் கண்ணால் கண்டு எழுதிவைத்தது ஏறக்குறைய அதுவே முதல் தடவை. தம்பதி 1951-இல் அதை ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் பிரசுரித்தனர். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தச் செய்தியை வாசித்தவர்கள் வியந்ததோடு சரி.

அந்த ஈக்களில் மிகுதியாகக் காணப்படும் ஒன்றைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். நீளம் சுமார் ஒரு சென்டிமீட்டர். வயிறு ஆரஞ்சுப்பழத்தோல் நிறம். அதன்மேல் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள், ஒவ்வொரு தடித்த பட்டைக்கும் துணையாக ஒரு மெல்லிய கீற்று. முதற்பார்வையில் குளவி என்றே நினைத்து விலகுவோம். நாம் அவ்வாறு நினைக்கவேண்டும் என்பதற்காகவே இயற்கை அதற்கு அந்த வேஷத்தைக் கொடுத்திருக்கிறது. கொட்டும் முள் அதற்குக் கிடையாது. குளவிக்குச் சிறகுகள் நான்கு, இதற்கு இரண்டு; பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற இரண்டு சிறு குமிழ்கள் அதிர்ந்துகொண்டு, உடல் சாய்ந்தாலும் திரும்பினாலும் அதை உடனே உணர்த்துகின்றன. அந்த நுட்பத்தின் உதவியால்தான் இது பூவுக்கு முன்னே அந்தரத்தில் அசையாமல் நின்று பறக்கிறது. பூவை நாடி வாழ்வதால் இந்த இனத்தை மலரீ என்று அழைப்போம். தாய் ஈ அசுவினிப் பூச்சி அப்பிய தண்டுகளைத் தேடி முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் காலற்ற புழு, வளர்ந்து கூட்டுப்புழு ஆவதற்குள் சில நூறு அசுவினிகளை உறிஞ்சித் தீர்த்துவிடுகிறது. குடியானவன் மருந்தடித்துச் செய்யும் வேலையை இது கூலியின்றிச் செய்கிறது.

இவ்வளவு சிறிய பிராணிகள் எத்தனை கடக்கின்றன என்று கணக்கிடும் காரியத்தை, எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில் ஹாக்ஸ், கார்ல் வாட்டன் முதலியோர் 2018 முதல் 2021 வரை நான்கு இலையுதிர்காலங்களில் இதே கணவாயில் இருந்து செய்தனர். ஒரு குறிப்பிட்ட அகலத்தைக் காமிராவால் படம்பிடித்து அதில் குறுக்கிட்ட சிற்றுருவங்களை எண்ணினார்கள். வண்ணத்துப்பூச்சிகளைக் கண்ணால் பார்த்தே எண்ணினார்கள். இனம் பிரித்து அறிவதற்காக வலைப்பொறி ஒன்றை நிறுத்தினார்கள். 2024-இல் வெளியான அவர்களுடைய முடிவு, லாக் தம்பதி கண்டது ஓர் அபூர்வ நாளின் தற்செயலன்று என்று நிரூபித்தது. அந்த முப்பது மீட்டர் அகலத்தின் வழியே ஓர் ஆண்டில் சராசரியாக ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் பகலில் தெற்கே போகின்றன. உச்சமான நாட்களில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிஷத்துக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான ஈக்கள் கடந்தன. கடப்பவற்றில் நூற்றுக்கு எண்பத்தொன்பது ஈ இனத்தைச் சேர்ந்தவை: மலரீக்கள் மட்டுமல்ல, நம் வீட்டுச் சமையலறையில் விரட்டப்படும் சாதாரண வீட்டு ஈயும், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளராத புல் ஈக்களும் அவற்றில் உண்டு. முட்டைக்கோசு இலையைத் தின்று வளரும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியும் கூடவே போகிறது. பிரனீஸில் இதுபோன்ற கணவாய்கள் எத்தனையோ இருப்பதால், மலைத்தொடர் முழுவதையும் கடக்கும் பூச்சிகளின் தொகை நூறு கோடிகளில் இருக்கும் என்பது ஆராய்ச்சியாளரின் அனுமானம்.

ஆகாயம் முழுவதும் திறந்திருக்க, அவை ஏன் இந்தச் சந்துக்குள் நுழையவேண்டும்? இரண்டு காரணங்கள். முதலாவது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. கவார்னிக் கிராமத்துக்கும் கணவாய்க்கும் இடையிலேயே ஏறத்தாழ ஆறு டிகிரி வித்தியாசம் உண்டு. காற்றின் அழுத்தமும் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். தன் உடலுக்கென்று நிலையான சூடு இல்லாத பூச்சிக்கு, தசை சூடேறாவிட்டால் சிறகு அசையாது. ஆகவே ஒவ்வொரு நூறு மீட்டரும் அதற்குச் செலவு. பள்ளத்தாக்கின் வழியே வெயிலில் சூடேறி மேலெழும் காற்றோடு வரும் கூட்டம், இருபுறமும் சுவர்கள் நெருங்க நெருங்கப் புனலில் வார்த்த நீர் போலக் குவிந்து, மிகத் தணிந்த வாயிலின் வழியே வெளியேறுகிறது.

இரண்டாவது காரணம் காற்று. வடக்கிலிருந்து வீசும் காற்று, தெற்கே போகும் பூச்சிக்குப் பின்னிருந்து தள்ளும் துணை. அப்போது அது நம் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிக் காற்றின் தோளில் சவாரி செய்கிறது. தெற்கிலிருந்து எதிர்க்காற்று வீசும்போதோ உயரத்தில் பறந்தால் பின்னுக்குத் தள்ளப்படும். ஆனால் ஓடும் காற்று கல்லிலும் புல்லிலும் உராய்வதால் தரையை அடுத்த மெல்லிய படலத்தில் அதன் வேகம் தளர்ந்துவிடுகிறது. வெள்ளத்தை எதிர்த்து ஏறும் படகோட்டி நடு ஆற்றை விட்டுக் கரையோரமாக வருவதுபோல, பூச்சி இந்தப் படலத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே வெயிலும் வறட்சியும் உள்ள, மெல்லிய எதிர்க்காற்று வீசும் நாட்களில்தான் கணவாயில் கூட்டம் பெருகிக் காணப்படுகிறது. பிரயாணம் பெரும்பாலும் நம் கண்ணில் படாததற்குக் காரணமும் இதுவே: சாதகமான காற்றில் அவை நம் தலைக்கு மேலே வெகுதூரத்தில் போய்விடுகின்றன, சிரமப்படும்போது மட்டுமே நம் காலடியில் தென்படுகின்றன.

திசை எப்படித் தெரிகிறது என்பது அடுத்த கேள்வி. வழிகாட்ட மூத்தவர் யாரும் இல்லை. சென்ற ஆண்டு இவ்வழி போன ஈ இப்போது உயிரோடு இல்லை. பிரனீஸில் இலையுதிர்காலத்தில் பிடித்த மலரீக்களைக் கொண்டு இதே ஆராய்ச்சிக் குழுவினர் ஒரு சோதனை செய்தனர். ஈயின் முதுகில் நுண்ணிய ஊசியை ஒட்டி, எந்தப் பக்கமும் சுழன்று திரும்ப முடியும், ஆனால் இடம்பெயர முடியாது என்றவாறு ஒரு சிறு கருவியில் பொருத்தித் திறந்த வானத்தின் கீழ் பறக்கவிட்டார்கள். சூரியன் தெரிந்தவரையில் ஈக்கள் தெற்கை நோக்கியே முகம் திருப்பின. சூரியனைப் பார்த்துப் பறப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் சூரியன் ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்கிறது. காலையில் அதை இடக்கண்ணில் வைத்துப் பறந்த ஈ, மாலையிலும் இடக்கண்ணிலேயே வைத்துப் பறந்தால் முற்றிலும் வேறு திசைக்குப் போய்விடும். ஆகவே இப்பொழுது என்ன நேரம் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கவேண்டும். செயற்கை விளக்கால் பகலிரவை மாற்றி அதன் உள்கடிகாரத்தைப் பிசகச் செய்தபோது, திசையும் பிசகியது. கடுகளவு மூளைக்குள் ஒரு கடிகாரமும், அதோடு இணைந்த ஒரு திசைகாட்டியும் இருக்கின்றன என்பது இதனால் தெளிவாயிற்று. கப்பலோட்டிகள் நடுக்கடலில் தம் இருப்பிடத்தை அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டிப் பதினெட்டாம் நூற்றாண்டு வரை காத்திருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

தெற்கே போன ஈக்கள் அங்கேயே இனம் பெருக்கியும் குளிரைக் கழித்தும் ஆயுளை முடிக்கின்றன. வசந்தத்தில் வடக்கே திரும்புவது அவற்றின் சந்ததி. போவது ஒரு தலைமுறை, வருவது வேறு தலைமுறை. பாதை மட்டும் பரம்பரைச் சொத்து. இந்தப் போக்குவரத்தின் பயனையும் ஓரளவு அளந்திருக்கிறார்கள். தென் இங்கிலாந்தின் வான்வெளியை ராடார் கொண்டு பத்தாண்டுகள் ஆராய்ந்ததில், இருவகை மலரீக்கள் மட்டுமே ஆண்டுதோறும் 400 கோடி வரையில் வந்தும் போயும் இருக்கின்றன என்றும், அவற்றின் புழுக்கள் தின்னும் அசுவினிகள் லட்சம் கோடிக் கணக்கில் ஆகும் என்றும் 2019-இல் வெளியிட்டனர். புஷாரோவைக் கடக்கும் பூச்சிகளிலும் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மகரந்தம் சுமப்பவை. வழியில் இறங்கித் தேனருந்தும் ஒவ்வோர் இடத்திலும், நூறு கல்லுக்கு அப்பால் பூத்த செடியின் மகரந்தத்தை இன்னொரு செடிக்குக் கொடுத்துவிட்டுப் போகும் வாய்ப்பு உண்டு; மண்ணில் வேரூன்றி நகர முடியாத தாவரங்களுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஏது? எனினும் ஜெர்மனியின் ராண்டெக்கர் மார் என்ற மலைச்சரிவில் 1970 முதல் எண்ணி வருவோரின் கணக்குப்படி, அசுவினி தின்னும் மலரீக்களின் பிரயாணிக் கூட்டம் அரை நூற்றாண்டில் மிகக் கடுமையாக மெலிந்திருக்கிறது. எண்ணத் தொடங்கிய பிறகுதான் இழப்பும் தெரிகிறது. எண்ணாத இடங்களில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதற்கில்லை.

ஆகையால் செப்டம்பர் மாதத்தில் அந்தப் பக்கம் நடக்கும் வாய்ப்பு உடையவர், ரோலண்டின் பிளவுக்கு விரையுமுன் ஒரு கால்மணி நேரத்தைக் கணவாய்க்குக் கொடுக்கலாம். வானம் தெளிந்திருந்து, தெற்கிலிருந்து இளங்காற்று முகத்தில் படும் முற்பகல் வேளையே ஏற்றது. பிரான்சுக்கு முதுகும் ஸ்பெயினுக்கு முகமுமாகச் சரளையின்மேல் அமர்ந்து, தொப்பியின் விளிம்பால் சூரியனை மறைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள சிகரங்களை விட்டு, புல்லுக்கு மேலே முழங்கால் உயரத்தில் பார்வையை நிறுத்தவேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு எதிர்வெயிலில் ஒரு சிறகு மின்னும். அதன் அருகே இன்னொன்று. நம் தோளைத் தாண்டி, காதோரமாக ஒரு மெல்லிய ரீங்காரத்தோடு மேலும் மேலும் வந்து, எல்லாம் ஒரே திசையில் போகும். எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினால், ஒரு நிமிஷத்துக்குள் கணக்குத் தவறிவிடும்.